பதினோராவது தண்ணீர்

அக்டோபர் 4, புதன்

கல்லூரி லேபின் எக்ஸ்ரே மிஷினுக்குப் புது டியூப் ஒருவழியாக வந்து சேர்ந்தது. பழையது செத்து நாலு வருடத்துக்கு மேலாகிறது. ஒரு சிட்டிகை பொடியை வைத்தால் அது என்ன பொருள் என்று கிராஃப் போட்டுக் காட்டுகிற மிஷின் அது. அது ஓடாத அத்தனை வருடமும் நான் அந்த அறையில் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், தூசி தட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கல்லுக்கு நேரம் வந்துட்டுன்னு சொல்லு சீலி!"

நாலு வருடமாக இதே பல்லவி. எந்தக் கல், எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. நிலவியல்காரரைக் கட்டிக்கொண்டவள் எந்தக் கல்லை என்று கேட்பது? பீரோவைத் திறந்தால் சேலைக்கு அடியில் கல். பைபிளை எடுத்தால் அதன் பின்னால் கல்.

அக்டோபர் 5, வியாழன்

டயாலிசிஸ் நாள். காலையில் இவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து பிரிட்ஜைக் கழுவினேன். கீழ்த்தட்டில், மோர்ச் சட்டிக்குப் பின்னால், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே பாசி பிடித்த ஈரப் பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் கட்டைவிரல் அளவுக் கல், அதன்மேல் ஊசி ஊசியாகக் கண்ணாடி. பாட்டிலில் இவர் கையெழுத்து: "கால்சியம் ஆர்சனேட்."

ஆர்சனிக்! நாங்கள் குடிக்கிற மோருக்குப் பக்கத்தில்! இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? ஆத்திரத்தில் பஞ்சை எடுத்து ஓரமாகக் கட்டிப் போட்டேன். கல்லைக் காகிதத்தில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோய் டெசிகேட்டரில் வைத்தேன். ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்டு மூடி வைக்கிற கண்ணாடிப் பாத்திரம் அது. தூத்துக்குடிக் காற்றில் எதையும் வெளியே வைக்க முடியாது, ஒரே வாரத்தில் உப்புப் பூத்துவிடும். இருபத்தாறு வருடப் பழக்கம், என் கைக்கு எது கிடைத்தாலும் அதில்தான் போகும். மணிகளை அடுப்பில் வறுத்து, நல்ல நீலம் வந்த பிறகுதான் உள்ளே போட்டேன். இனிப் பத்திரம்.

அக்டோபர் 6, வெள்ளி

கல்லை லேபுக்குக் கொண்டுபோய்விட்டதாக இவரிடம் சொன்னேன். பிரிட்ஜில் விஷத்தை வைப்பீர்களா என்று ஒரு பாட்டு பாடியும் முடித்தேன். சிரித்தார். "பத்திரமா வச்சிருக்கியா?" என்றார். "உங்களவிட பத்திரமா" என்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

இவருக்குத் தண்ணீர் நாளுக்கு எழுநூறு மில்லி. காபி, கஞ்சி, மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதற்குள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைக்கிறேன், எதைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஊற்றுகிறேன். மத்தியானம் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது. "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கைநரம்பு இரண்டும் போய், இப்போது கழுத்தில் குழாய் வைத்துத்தான் டயாலிசிஸ் செய்கிறார்கள். இன்று ஒரு பேச்சு பேசினார். "அந்தக் கல்லுக்குப் பேரு தெரியுற வரைக்கும்தான் இந்தப் பாடு. அதுக்கப்புறம் என்னைய அங்க கூட்டிட்டுப் போவாத."

"என்ன பேச்சு பேசுதீய? வாயக் கழுவுங்க" என்றேன்.

"வாயக் கழுவவும் தண்ணி வேணும்லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கே என்மேல் எனக்குக் கோபம்.

அக்டோபர் 11, புதன்

டியூப் பொருத்தியாயிற்று. இன்னும் இரண்டு மூன்று நாளில் ஓட்டலாம். இன்று இவருக்கு உடம்பு தெளிவு. நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன், சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்னார்.

"அந்தக் கல்ல எடுத்தது, சுரங்கத்த மூடுறதுக்கு முந்தின வாரம். உள்ள நானூறு அடி போயிருப்பேன். சுவரு பூரா ஈரம். டார்ச் அடிச்சா, ஒரு விரிசல்ல கண்ணாடி ஊசியா நிக்கி. ஆர்சனிக் இருக்கிற பாறையில சுண்ணாம்புத் தண்ணி கசிஞ்சா அப்படிப் பூக்கும். ஆனா இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல."

"அதுல என்ன அதிசயம்?"

"மூணு கால்சியம், ரெண்டு ஆர்சனேட், கூடப் பதினொரு தண்ணி மூலக்கூறு. அதுக்குப் பேரு போனூக்சைட். பிரான்சுல ஒரு பள்ளத்தாக்கோட பேரு அது. நம்ம நாட்டுல எடுத்ததா நான் படிச்ச எதுலயும் இல்ல. பத்துத் தண்ணியா இருந்தா ராவன்தாலைட். அது வேற."

"ஒரு தண்ணிக்காகவா பேரு மாறும்?"

"ஏட்டி, ஒரு தண்ணி போனா உள்ள இருக்க கட்டுமானமே மாறிப் போவும். வெளிய பாத்தா ரெண்டும் வெள்ளதான், நிறத்த வச்சோ கீறிப் பாத்தோ கண்டுபிடிக்க முடியாது. உன் மிஷின்தான் சொல்லணும். அதான் ஈரத்துலயே வச்சிருந்தேன். காத்து காஞ்சிட்டுன்னா அந்தப் பதினோராவது தண்ணி நிக்காது. பஞ்ச நனச்சுத்தான வச்சிருக்க?"

"ம்" என்றேன். ரசம் பொங்கிவிட்டது, அடுப்பை அணைத்தேன்.

அப்புறமும் பேசினார். முப்பத்திரண்டு வருடம் மலை மலையாக ஏறி இறங்கியும் ஒரு ரிப்போர்ட்டில்கூட இவர் பெயர் வந்ததில்லை, எல்லாம் மேலதிகாரி பெயரில்தான். "இந்த ஒண்ணுலயாவது சேகரித்தவர் சா. தங்கதுரைன்னு வரணும் சீலி. நமக்குப் பிள்ளையா குட்டியா? பேரு நிக்க வேற என்ன இருக்கு?"

சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் புளி கூடிவிட்டது.

அக்டோபர் 12, வியாழன்

இவரை ஆஸ்பத்திரியில் விட்ட கையோடு லேபுக்கு ஓடினேன். கல் வெள்ளையாகிவிட்டது. தட்டில் மாவு மாதிரி உதிர்ந்திருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து ஈரப் பஞ்சில் வைத்திருக்கிறேன். கொதிநீர் ஆவியில் காட்டினேன். காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளை வெள்ளைதான்.

பெங்களூரில் ஒரு கனிமக் காப்பகத்தில் இருக்கும் டாக்டர் சுலோச்சனாவுக்குப் போன் செய்தேன். கருத்தரங்குகளில் பழக்கம், நல்ல மனுஷி. யாருடைய கல் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"டெசிகேட்டர்லயா வச்சீங்க? ஐயோ மேடம்!" என்றார். "போன தண்ணி அப்படித் திரும்பி வராது. உள்ள அடுக்கே கலைஞ்சு வேற மாதிரி நின்னிருக்கும்."

"அப்போ பத்துத் தண்ணின்னு பதிவு பண்ணலாமா? அதுவும் அபூர்வம்தான?"

"அது எப்படி மேடம்? அந்தப் பத்து சுரங்கத்துல விளையலியே, உங்க லேப்ல விளைஞ்சது. இயற்கையில கிடைச்சதுன்னு எப்படிச் சொல்றது? மாறிய மாதிரின்னு, அதாவது இயல்பு மாறிப்போன சாம்பிள்னு வேணும்னா எடுத்துக்கலாம். அதே இடத்துல இன்னொரு துண்டு எடுக்க முடியுமா?"

சுரங்கத்தைக் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே தண்ணீரும் ஏறிவிட்டது. முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

மிஷின் ஓடியது. கோடுகளைப் புத்தகத்தோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். பத்து.

அக்டோபர் 17, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் ஏறியதுமே இவர் கேட்டார். "ஓட்டியாச்சா?"

டியூப் நேராக உட்காரவில்லை, அளவு சரி பார்க்க இன்னும் பத்து நாளாவது ஆகும் என்றேன்.

"பத்து நாளா?"

"அவசரப்பட்டா கிராஃப் தப்பா வரும். நீங்கதான அடிக்கடி சொல்லுவீய?"

தலையாட்டினார். பத்து நாளுக்கு மூன்று, நான்கு டயாலிசிஸ். அதற்கு அப்புறமும் டியூபுக்கு வேறு ஏதாவது கோளாறு வரலாம். மிஷின் என் கையில்தானே இருக்கிறது.

காய் வாங்கினேன். முருங்கைக்காய் முற்றல்.

அக்டோபர் 20, வெள்ளி

விடியும்போதே குளிர், நடுக்கம், நூற்றுமூன்று காய்ச்சல். கழுத்துக் குழாயில் கிருமி. இது மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் வேறு போட்டிருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிக் குழாய் போட இடம் அதிகமில்லை என்றார். "பேச வேண்டியத எல்லாம் பேசிக்கோங்கம்மா."

என்னத்தைப் பேசுவது? காய்ச்சல் வேகத்தில் இவர் பேசுவது ஒரே ஒரு விஷயம்தான். "பதினொண்ணா சீலி? பதினொண்ணா?"

அக்டோபர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கல்லூரியில் ஆளில்லை, காவலரிடம் சாவி வாங்கித் திறந்தேன். கம்ப்யூட்டரில் கொஞ்சம் வேலை இருந்தது. ஒரு தாள் அச்சடித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி கொடுத்து, முகம் துடைத்துவிட்டு, தாளைக் கையில் கொடுத்தேன். "பதினொண்ணுதான்" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு தாளைக் கண்ணருகில் கொண்டுபோனார். விரலைக் கிராஃபின் அடிக்கோட்டின்மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்தார்.

"அடிக்கோடு இவ்வளவு சுத்தமா இருக்கே."

"புது டியூபுல்லா."

"எந்த டியூபா இருந்தாலும் கொஞ்சமாவது நடுங்கும் சீலி. உள்ள பாறைத்தூள் கலந்திருக்கும், அதோட கோடு எங்க? இது கல்லுல எடுத்தது இல்ல. புத்தகக் கணக்க மிஷின்ல குடுத்து வரைஞ்சது." தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "எடுத்தத கொண்டா."

கைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதன் கோடு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தார். எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

"காஞ்சிட்டு" என்றார்.

சொன்னேன். ஹார்லிக்ஸ் பாட்டில், ஓரமாகக் கட்டிப் போட்ட பஞ்சு, வறுத்த நீல மணிகள், பெங்களூர் போன், சமையலறையில் சொன்ன "ம்" எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்லா ரெண்டு அறை அறையுங்கள் என்றேன். இவர் என்னைத் தொடவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஆட்டோ வந்து நின்றது. சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "வரலட்டி" என்றார்.

கோபத்தில் சொல்கிறார், என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். கெஞ்சினேன். கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். "கல்லுக்காகவா என்னைய விட்டுட்டுப் போறீய? உங்களுக்கு நான் பெருசா கல்லு பெருசா?"

"கோவம் இல்ல சீலி. நேத்து ராத்திரி இருந்துது. இப்ப இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பேரு தெரியுற வரைக்கும்னு சொன்னேன்லா. தெரிஞ்சிட்டு. பத்து. போதும்."

"அது நான் செஞ்ச தப்பு. அதுக்கு நீங்க ஏன்…"

"நீ காயப்போட்டது ஒரு கல்ல. நான் நாலு வருசமா காஞ்சி கெடக்கேன். எனக்கு முடியலட்டி."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

இன்றும் வரவில்லை என்றுவிட்டார். டாக்டர் வீட்டுக்கே வந்தார். இவரிடம் ஒரு மணிநேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்து, "தெளிவாத்தான் இருக்காருமா. கட்டாயப்படுத்த முடியாது" என்றார். மூச்சுத் திணறினால் கொடுக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டேன். "கேக்கிறதக் குடுங்க. அவருக்கே போதும்னு தெரியும்."

ஒரு செம்பு நிறையக் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தி நிறுத்தி, பாதி குடித்தார். தாடையில் வழிந்ததைத் துடைக்கவிடவில்லை. "என்ன ருசிட்டி!" என்றார். குழாய்த் தண்ணீர்தான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 28, சனி

கால் வீங்கியிருக்கிறது. படுக்க முடியவில்லை, தலையணை அடுக்கி உட்கார வைத்திருக்கிறேன். "பேனா எடு" என்றார். பெங்களூருக்குக் கல்லை அனுப்பச் சொல்லி, கூட வைக்கவேண்டிய குறிப்பை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்.

பத்துத் தண்ணீர். மாறிய மாதிரி. எடுக்கும்போது நிறமற்றது, ஒளி ஊடுருவும் ஊசிகள். இப்போது வெண்மை, உதிரும். பதினொன்றாக இருந்திருக்கலாம், நிரூபணம் இல்லை.

"இருந்திருக்கலாம்னு எதுக்கு?" என்றேன். "இருந்துதுன்னு நீங்க சொல்லுதீய, அது போதாதா?"

"நான் சொன்னா ஆச்சா? அளந்தது பத்து. பத்துன்னுதான் எழுதணும்." கொஞ்சம் இளைப்பாறினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல, சேகரித்தவரின் கவனக்குறைவால் உலர்ந்ததுன்னு போடு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "மாட்டேன்."

"உனக்கு இன்னும் நாலு வருசம் வேலை இருக்கு. மிஷின் வச்சிருக்கவ கல்லக் கெடுத்தான்னு ஊர் பூரா பேசும். நான் போறவன், என்மேல போட்டா எவன் வந்து கேக்கப் போறான்? எழுது."

எழுதினேன். என் கையெழுத்தா என்று எனக்கே சந்தேகம் வரும்படி இருந்தது. அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவராகத் தொட்டது இன்றுதான்.

அக்டோபர் 31, செவ்வாய்

அதிகம் தூங்குகிறார். விழித்தால் பைபிளில் சங்கீதம் வாசிக்கச் சொல்கிறார். பாதியில் உறங்கிவிடுகிறார், நான் முடித்துவிடுகிறேன்.

நவம்பர் 2, வியாழன்

காலை ஆறு நாற்பதுக்குப் போய்விட்டார். பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

ஊருக்குப் போயிருந்த ஆட்டோக்காரர் இன்று பழக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்தான் சொன்னேன். வண்டியை அணைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு அழுதார்.

நவம்பர் 15, புதன்

மறுபடி கல்லூரிக்குப் போகத் தொடங்கி இரண்டு நாளாகிறது. கல்லை அனுப்பும் முன் நிரப்ப, பெங்களூரிலிருந்து பதிவேட்டுப் படிவம் வந்திருந்தது. சுலோச்சனா மேடமும் போன் செய்தார். கல் யாருடையது, இவர் எழுதச் சொன்னது என்ன என்று இன்றுதான் சொன்னேன்.

"காரணம்ங்கிற இடத்துல பேரு எதுவும் வேண்டாம் மேடம்" என்றார். "சேமிப்பில் உலர்ந்ததுன்னு போட்டா போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

எவ்வளவு சுலபமான வழி! இவர் சொன்னதையும் எழுத வேண்டாம், உண்மையையும் எழுத வேண்டாம். போனை வைத்தேன். இவருடைய குறிப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். வேதியியல் கூறு. நீர் பத்து. வகை: மாறிய மாதிரி. நிறம் அப்போது, நிறம் இப்போது. பதினொன்றாக இருந்திருக்கலாம், நிரூபணம் இல்லை. சேகரித்தவர்: சா. தங்கதுரை. அந்த இடத்தில் மட்டும் பேனாவை அழுத்தி எழுதினேன், அடித்தாளிலும் பதிந்துவிட்டது.

காரணம் என்ற கட்டம் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக இவர் பேச்சை மீறினேன் என்று இங்கே எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும். பொய். கல்யாணமான நாளிலிருந்து தினம் ஒன்றாவது மீறியிருக்கிறேன். இவர் சொல்லி நான் கேட்டது இந்த ஒரு மாதத்தில்தான், அதுவும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பியதில்.

அவர் சொன்னதை எழுதினால் நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து, இந்தத் தங்கதுரைக்கு ஒரு கல்லைக்கூடப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லையே என்று நினைக்கும். நானூறு அடி உள்ளே போய், நாலு வருடம் பஞ்சை நனைத்து நனைத்துக் காப்பாற்றிய மனிதரை. தன் தாகத்துக்கு ஒரு வாய் கிடைக்காதபோதும் அந்தக் கல்லுக்குத் தண்ணீர் விட்டவரை.

எழுதினேன்: "சேகரித்தவர் இதை ஈரத்தில் முறையாகப் பாதுகாத்தார். அவருக்குத் தெரியாமல் எடுத்து உலர்த்தியவர்: த. பாக்கியசீலி, அவர் மனைவி."

அந்தப் படிவத்தில் உறவு கேட்கவில்லை.